ஆப்பிளைத் தாளித்தவர்

ஆசிரியர் ஐயாவும் வாசிக்கிறவர்களும் முதலில் என்னை மன்னிக்க வேண்டும். என் கையெழுத்து மழையில் நனைந்த எறும்பு வரிசை மாதிரி இருக்கும். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்துப் பிழை ஒரு வரிக்கு ஒன்றாவது இருக்கும். அச்சுக் கோப்பவர் புண்ணியமாகப் போகட்டும், பார்த்துத் திருத்திக்கொள்ளட்டும்.

போன மாதம் உங்கள் பத்திரிகையில், ஆப்பிளை வைத்து வீட்டிலேயே சுலபமாகச் செய்யக்கூடிய பண்டங்கள், குடும்பத்தில் எல்லாரும் விரும்பிச் சாப்பிடலாம் என்று ஒரு பக்கம் வந்தது. என் மகள் உரக்க வாசித்தாள். ஆப்பிள் பச்சடி என்ற இடம் வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணும் நனைந்துவிட்டது. "என்னப்பா?" என்றாள். எனக்குப் பேசிச் சொல்ல வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தியா தேசத்திலேயே ஆப்பிளைக் கடுகும் உளுந்தம்பருப்பும் போட்டுத் தாளித்த முதல் மனிதர் தென்காசிக்காரர். இதை யாராவது மறுத்து எழுதினால் நான் பதில் எழுதமாட்டேன். அவ்வளவு எழுத எனக்குத் தெம்பு கிடையாது. ஆனால் உண்மை அதுதான்.

அவருடைய பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. விசேஷ வீடுகளில் சமைக்கிறவரை எங்கள் பக்கம் தவசுப்பிள்ளை என்போம். அவரும் தவசுப்பிள்ளை. வயதில் இளையவர்கள் தவசண்ணாச்சி என்போம். வாக்காளர் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். ஒரு தேர்தல் சமயம் ஒருவர் அந்தப் பெயரைச் சொல்லித் தெருவில் விசாரித்தார். "அப்படி இங்கன யாரும் இல்லையே" என்று அண்ணாச்சியே சொல்லி அனுப்பிவிட்டார். வந்தவர் போன பிறகு யோசித்துவிட்டு, "எங்கேயோ கேட்ட பேரா இருக்குலே" என்றார்.

ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் குற்றாலத்தில் நாங்கள் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தோம். சாரல் நின்றால் கடையும் நின்றுவிடும். அவர் அடுப்புக்கு, நான் காய் நறுக்க. எனக்கு அப்போது முப்பது வயது. ஆட்கள் முகத்தைப் பார்த்துப் பேச எனக்குக் கூச்சம். பின்கட்டில் அரிவாள்மனையும் கத்திரிக்காயுமாக உட்கார்ந்திருப்பது எனக்கு நிம்மதியாக இருந்தது. கத்திரிக்காய் எதையும் திருப்பிக் கேட்காது. சீசன் முடிந்தால் தென்காசி, செங்கோட்டை, குத்துக்கல்வலசை என்று கல்யாண வீடுகளுக்குப் போய்விடுவோம்.

அருவியில் குளித்துவிட்டு வருகிறவனின் பசி சாதாரணப் பசி இல்லை. ஒரு வேளைக்கு முந்நூறு பேர் வருவார்கள். முந்நூறு பேருக்கும் அண்ணாச்சி ஒற்றை ஆளாக நின்று ஆக்கிப் போடுவார். கரண்டியால் அளக்க மாட்டார். உப்பு என்றால் இரண்டு கை நிறைய, மிளகாய்ப்பொடி என்றால் ஒரு அள்ளு. ருசியும் பார்க்க மாட்டார். கொதிக்கிற பாத்திரத்தின் மேல் குனிந்து ஆவியை மூக்கால் இழுத்து, "ம்" என்பார். அந்த "ம்" வந்தால் குழம்பை இறக்கிவிடலாம். ஒருநாளும் தப்பியதில்லை. அவர் செய்கிற சொதி, அதாவது தேங்காய்ப்பாலில் காய்கள் போட்டுச் செய்கிற எங்கள் ஊர்க் குழம்பு, மிகவும் பேர் போனது. மதுரையிலிருந்து வந்த பெரிய மனிதர் ஒருவர் அந்தச் சொதியைச் சாப்பிட்டுவிட்டு, எழுந்தால் ருசி போய்விடும் என்பதுபோல் இலைக்கு முன்னால் அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். அடுத்த பந்திக்காரர்கள் வந்து அவரைத் தூக்கிவிட்டார்கள்.

அண்ணாச்சிக்குச் சின்ன அளவில் செய்ய வராது. ஒருத்தருக்குக் காபி போடச் சொன்னால் ஒரு குண்டான் போட்டுவிட்டு, மீதிக்கு ஆள் தேடித் தெருவில் நிற்பார். வீட்டில் அவரும் மனைவியும் இரண்டே பேர். சீசன் இல்லாத நாளில் அவர்தான் சமைப்பார். இரண்டு பேருக்குப் பன்னிரண்டு கத்திரிக்காய் நறுக்கு என்பார். அந்தத் தெருவில் பிச்சைக்காரர்கள் வேறு வீட்டுக்குப் போவதே கிடையாது.

அடுத்ததாக ஆப்பிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் ஆப்பிளைப் பழமாக யாரும் நினைத்ததில்லை. அது ஒரு துக்கச் சேதி. தென்காசியில் ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரே ஒரு கடையில், வைக்கோலுக்குள்ளே ஊதாத் தாள் சுற்றி நாலைந்து பழம் இருக்கும். டாக்டர் சொன்னால்தான் வாங்குவார்கள். கஞ்சியும் உள்ளே இறங்காது என்ற நிலையில்தான் டாக்டரும் சொல்வார். ஆகவே ஒருவர் கையில் ஆப்பிளைக் கண்டால் தெரு முழுவதும், "ஐயோ, யாருக்கு?" என்று எழுந்து வரும்.

பின்னாளில் ஒரு தடவை நான் அண்ணாச்சிக்காக வாங்கிய ஆப்பிள் பையோடு குற்றாலம் பஸ்ஸில் ஏறினேன். நிற்க இடமில்லை. பையைப் பார்த்ததும் ஒரு அம்மாள் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். "மனசைத் தளர விட்டுராதிய, தம்பி" என்றார். கண்டக்டர், பஸ் நிற்காத இடத்தில், ஒரு டாக்டர் வீட்டு வாசலில், எனக்காக விசில் கொடுத்து வண்டியை நிறுத்தினார். நான் இறங்க வேண்டிய இடம் அது இல்லை. அதைச் சொல்லக் கூச்சப்பட்டு இறங்கிவிட்டேன். மீதி வழியை நடந்தேன்.

செங்கோட்டை திருவாங்கூரை விட்டு நம் பக்கம் சேர்ந்த வருஷம், சீசன் முடிகிற சமயத்தில், அண்ணாச்சியின் மனைவிக்கு டைபாய்டு வந்தது. அவரை நான் மதினி என்று கூப்பிடுவேன். தென்காசிக் கோயிலின் மொட்டைக் கோபுரத்துக்குப் பின் தெருவில் அவர்கள் வீடு. பதினெட்டு நாள் மதினி கண் திறக்கவில்லை. பத்தொன்பதாம் நாள் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, காய்ச்சல் இறங்குகிறது, இனி ஆப்பிள் கொடுக்கலாம் என்றார். அண்ணாச்சி என்னை ஓடவிட்டார். நானும் ஒரு பழம் வாங்கி வந்து, என்ன சொல்வதென்று தெரியாமல், கட்டிலில் மதினியின் தலைமாட்டில் வைத்தேன். அந்த நேரம் பார்த்து மதினி கண்ணைத் திறந்தார். ஆப்பிளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"வாங்கியாச்சா?" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். "காய்ச்சல் விட்டுட்டு மதினி, அதனாலதான் வாங்கினோம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. எனக்கு வாய் வரவில்லை.

மதினி, பக்கத்து வீட்டு ஆச்சியைக் கூப்பிடச் சொன்னார். ஆச்சி வந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"ஆச்சி, அழாதிய. ஒண்ணு சொல்லணும். ஒங்க இட்லிக் கொப்பரை காணாமப் போச்சுன்னு தேடினியள்லா. அது எங்க பரண்லதான் கெடக்கு. நான்தான் எடுத்தேன்."

ஆச்சியின் அழுகை நின்றது. "அடிப் பாவி மகளே! மூணு வருஷமால்லா தேடுதேன்!" என்றவர், சாகிறவளிடம் பேசுகிறோம் என்பது ஞாபகம் வந்து, "இருக்கட்டும் தாயி, இருக்கட்டும். கொப்பரை என்ன பெரிய கொப்பரை" என்று மறுபடியும் அழத் தொடங்கினார்.

மதினி அண்ணாச்சி பக்கம் திரும்பினார்.

"இங்கேருங்க. போற நேரத்துல பொய்யை வச்சுக்கிட்டுப் போகக்கூடாது. பன்னெண்டு வருஷமா நீங்க ஆக்கிப் போட்டதைச் சாப்பிட்டிருக்கேன். எனக்கு ஒருநாளும் பிடிச்சதில்ல."

அண்ணாச்சிக்குப் புரியவில்லை. "எது, குழம்பா?"

"எல்லாந்தான்."

"சொதியுமா?"

"அதுதான் ரொம்ப."

அண்ணாச்சி வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்னட்டி குறை அதுல?" என்றார், சின்னக் குரலில்.

"குறை இல்ல. ஊருக்கு அது ருசிதான். எனக்குச் சத்திரத்துல உட்கார்ந்து திங்குத மாதிரியே இருக்கும். ரெண்டு பேரு இருக்க வீட்டுல, எனக்குன்னு ஒரு கரண்டி நீங்க ஆக்கினதில்ல. அவ்வளவுதான். போயிட்டு வாரேன்."

மதினி கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் சொன்னதை மறந்து நாங்களும் தலையில் கை வைத்துக்கொண்டோம். அந்த நேரத்தில் டாக்டர், பையை மறந்து வைத்துவிட்டுப் போனவர், அதை எடுக்கத் திரும்பி வந்தார். "என்ன கூட்டம் இங்கே? காய்ச்சல்தான் விட்டுட்டே. நாளைக்கு ரசஞ்சாதம் குழைச்சுக் குடுங்க" என்றார்.

மதினி ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "அப்பம் நான் சாவலியா?"

"யாரு சொன்னா?"

எல்லாரும் ஆப்பிளைப் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆச்சி மட்டும் பரணைப் பார்த்தார். அடுத்த நிமிஷம் ஏணியைச் சாத்திவிட்டார்.

மதினி பிழைத்ததில் எல்லாருக்கும் சந்தோஷம். அண்ணாச்சிக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்த வாரம் கல்யாண வீட்டில் குழம்பின் ஆவியை இழுத்தவர் "ம்" சொல்ல மறந்து, குனிந்தபடியே நின்றார்.

"முந்நூறு பேரு இலையை வழிச்சுத் திங்கான்லே. வீட்டுல ஒருத்தி பன்னெண்டு வருஷமா முழுங்கிக்கிட்டு இருந்திருக்கா" என்றார் என்னிடம். "அவ வாயால ஒருநாள் 'நல்லாருக்கு'ன்னு சொல்லணும். சாகப் போறேன்னு நினைச்சுச் சொல்லக்கூடாது. நல்ல பெலத்தோட, சம்மணம் போட்டு உட்கார்ந்து சொல்லணும். அது போதும்லே எனக்கு."

மதினியும் ஒரு ஏற்பாட்டுக்குச் சம்மதித்தார். இனி வீட்டுச் சமையல் மதினியுடையது. வாரத்தில் ஒருநாள் அண்ணாச்சி ஒரு பண்டம் செய்து கொடுக்கலாம். மதினி ஒரு கரண்டி சாப்பிடுவார். உள்ளதைச் சொல்வார். "ஒரு தடவ உண்மையைச் சொல்லியாச்சு. இனி மறைச்சு என்ன ஆகப்போகுது?" என்றார்.

மதினி தொடாத அந்த ஒற்றை ஆப்பிள் மாடக்குழியில் இருந்தது. அண்ணாச்சி அதைக் கையில் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்தார். பிறகு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தவர் மாதிரி என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, கத்திரிக்கா வாங்கினா என் கை கூடை கூடையா அள்ளுது. இது ஒண்ணுதான் இருக்கு. ஒண்ணை வச்சு முந்நூறு பேருக்கு ஆக்க முடியுமா? முடியாது. அப்பம் இதுல செஞ்சா வீட்டுச் சமையல்தானே ஆகணும்?"

அவர் ஆப்பிளைப் பிடித்துக்கொண்டது இப்படித்தான். ஊரில் எல்லாரும் அவருக்குப் பித்து என்றார்கள். எனக்கு அந்தக் கணக்குச் சரியாகத்தான் பட்டது.

முதலில் பச்சடி. தோலைச் சீவிப் பொடியாக நறுக்கி, விரல் நுனியளவு மஞ்சள்பொடி போட்டு, தண்ணீர் தெளித்தாற்போல் விட்டு வேகவைக்க வேண்டும். குழைந்ததும் கொஞ்சம் வெல்லம், கீறின பச்சைமிளகாய் ஒன்று, உப்பு. கடைசியில் கடுகும் உளுந்தம்பருப்பும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்ட வேண்டும். உங்கள் பத்திரிகையில் சீனியும் ஏலக்காயும் போடச் சொல்லியிருந்தீர்கள். தாளிக்கச் சொல்லவில்லை. தாளித்துப் பாருங்கள்.

இந்தப் பச்சடியில் வம்பு உப்பிலே வந்தது. அண்ணாச்சியின் கை பழக்கதோஷத்தில் ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டது. அவர் ருசி பார்க்கிற ஆள் இல்லையே. ஆவியை இழுத்து "ம்" என்றார். ருசி பார்க்கிறது என் வேலை ஆயிற்று. நான் ஒரு வாய் போட்டுவிட்டு இரண்டு செம்பு தண்ணீர் குடித்தேன். "எப்படி?" என்றார். தலையை ஆட்டினேன். கடலில் ஆப்பிள் விழுந்த மாதிரி இருந்தது என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. மதினிக்கு இருந்தது. இரண்டு விரலால் உப்பு எடுக்க அண்ணாச்சிக்கு ஒரு சீசன் முழுவதும் ஆனது. குற்றாலத்தில் ஆட்கள் சாப்பிட்டு முடித்த பிறகு, காலி மேஜை முன்னால் உட்கார்ந்து, உப்பை இரண்டு விரலால் எடுப்பதும் போடுவதுமாகப் பழகுவார். பார்த்தவர்கள் மந்திரம் போடுகிறார் என்று நினைத்தார்கள்.

பச்சடிக்குப் பிறகு துவையல். புளிப்பான பழம் என்றால் நல்லது. வற்றல்மிளகாய், பெருங்காயம், கொஞ்சம் தேங்காய் வறுத்து, ஆப்பிளையும் வதக்கி அம்மியில் அரைத்துவிட வேண்டும். புளி வேண்டாம். சூடான சோறும் நல்லெண்ணெயும் இருந்தால், நான் சொல்கிறேன், என் மகள் இன்றைக்கும் இதற்குத்தான் தட்டை நீட்டுவாள். மதினி ஒரு கரண்டி சாப்பிட்டு, "அம்மியைக் கழுவினியளா?" என்று மட்டும் கேட்டார். அண்ணாச்சி கூட்டு செய்தார். "பரங்கிக்காய்க்கு என்ன கேடு வந்துட்டுன்னு இதைப் போட்டிய?" என்றார். துணிந்து ஒருநாள் ஆப்பிள் சொதி வைத்தார். மதினி கரண்டியை எடுக்கவே இல்லை. "நான் அன்னைக்குச் சொன்னது மறந்துட்டா?" என்றார்.

ஒரு ஆடி மாதம் ஆப்பிள் பஜ்ஜி போட முனைந்து, மூன்று நாள் விடாமல் வீட்டில் ஆப்பிள் சீவினார். தோல் எல்லாம் வாசல் குப்பையில் கிடந்தது. யாரோ பார்த்துவிட்டு ராயகிரியில் இருக்கும் மதினியின் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூன்று நாளாக ஆப்பிள் என்றால் பிழைக்க வழியே இல்லை என்று அவர் முடிவு செய்துவிட்டார். ஆள் அம்போடு புறப்பட்டு வந்து, தெருமுனையிலிருந்தே மார்பில் அடித்துக்கொண்டு, "என்னப் பெத்த தாயி, போயிட்டியே!" என்று அலறிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார். மதினி ஆட்டுரலில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, நீ சாவலியா?"

"வாங்கண்ணே. ஏன், சாவணுமா?"

"நாத்து நடவைப் போட்டுட்டு ஓடியாறோம். இங்கன நீ மாவு ஆட்டுத!" என்று அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கூட வந்தவர்கள் இனி அழுவதா வேண்டாமா என்று அவர் முகத்தையே பார்த்தார்கள். அண்ணாச்சி ஓடி வந்து அவர்களை உட்காரவைத்துத் தட்டு நிறையச் சூடாகப் பஜ்ஜி வைத்தார். ஆப்பிள் என்று சொன்னால் தொடமாட்டார்கள் என்பதால் ஒன்றும் சொல்லவில்லை. ராயகிரிக்காரர்கள் தட்டைக் காலி செய்தார்கள். "வாழைக்காய் லேசா இனிக்கே மாப்பிள. உங்க ஊர்த் தண்ணி அப்படி" என்றார் அண்ணன். மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அண்ணாச்சி ஆசையாக மதினியைப் பார்த்தார். மதினியும் ஒரு பஜ்ஜியைக் கடித்தார்.

"பரவாயில்ல."

அந்த ஒரு சொல்லுக்கு அண்ணாச்சி அன்றைக்குக் கடையில் எல்லாருக்கும் பாயசம் வைத்தார்.

இப்படியே ஒன்பது வருஷம். பரவாயில்லை இரண்டு தடவை வந்தது. நல்லாருக்கு வரவே இல்லை.

பிறகு அண்ணாச்சிக்கு மஞ்சள் காமாலை வந்தது. சீசன் நடுவிலேயே படுத்துவிட்டார். கண்ணெல்லாம் மஞ்சள். எந்தச் சமையல் வாசனை வந்தாலும் குமட்டினார். ஆவியை இழுத்து "ம்" சொன்ன மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு கிடந்தார். இரண்டு வாரம் கழித்து டாக்டர், ஆபத்து தாண்டிவிட்டது, ஆப்பிளை வேகவைத்துக் கொடுத்துப் பாருங்கள் என்றார். மதினி என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டார்.

"ரெண்டு ஆப்பிள் வாங்கிட்டு வா. துண்டுக்குள்ள மறைச்சுக் கொண்டா. அவுக கண்டா முடிஞ்சுதுன்னு நினைச்சிருவாக. கேட்டியா, அன்னைக்கு மாதிரி வந்து தலையை ஆட்டிக்கிட்டு நிக்காத."

நான் வாங்கி வந்தேன். மதினி வேலிக்கு மேலாகக் கையை நீட்டி, "ஆச்சி, கொப்பரையைக் கொஞ்சம் தாங்க. இந்தத் தடவ கேட்டே எடுக்கேன்" என்றார். ஆப்பிளைக் கீறி இட்லித் தட்டில் வைத்து அவித்தார். தோலை உரித்துவிட்டுக் கரண்டிக் காம்பால் மசித்தார். கருப்பட்டி கொஞ்சம் கரைத்து வடிகட்டி ஊற்றினார். சுக்கு ஒரு சிட்டிகை. உப்பு இரண்டு விரலால். தாளிக்கவில்லை, வாசனை ஆகாது. அவ்வளவுதான், வேறொன்றும் கிடையாது. பல் முளைக்காத பிள்ளையும் பல் போன கிழவரும் சாப்பிடலாம்.

அண்ணாச்சி கண்ணை மூடியபடி வாயைத் திறந்தார். மதினி ஒரு கரண்டி ஊட்டினார். விழுங்கினார். குமட்டவில்லை. கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"இது ஆப்பிள்லா."

ஒன்பது வருஷம் ஆப்பிளோடு மல்லுக்கட்டினவரை ஏமாற்ற முடியுமா? மதினி என்னைப் பார்த்தார். நான் இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தேன். அண்ணாச்சி கையை உயர்த்தினார்.

"நீ பேசாதலே. எனக்குப் புரியுது. மூணு விஷயம் சொல்லணும். ஒண்ணு, கடையில பெரிய உருளியை ஓட்டையாக்கினது இவன்தான்னு முதலாளிகிட்ட சொன்னேன். இவன் இல்ல, நான்தான். ரெண்டாவது, எனக்கு ஆப்பிளே பிடிக்காது. கண்ட நாள்லருந்து பிடிக்காது. சவசவன்னு அது ஒரு பழம்."

மதினியின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"மூணாவது," என்றார். "இது நல்லாருக்குட்டி."

"என்னது?"

"நீ செஞ்சது. ரொம்ப நல்லாருக்கு."

மதினி கிண்ணத்தைக் கீழே வைத்தார். முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டார். பேசியபோது குரல் சண்டை போடுகிற மாதிரி வந்தது.

"ஒன்பது வருஷமா மூணு வேளையும் நான்தான் ஆக்கிப் போடுதேன். ஒருநாள், ஒருநாள் இந்த வார்த்தையைச் சொன்னியளா? என் வாயிலருந்து வரணும்னு என் வாயையே பார்த்துக்கிட்டு இருந்திய. எனக்கும் ரெண்டு காது இருக்குன்னு தோணலையே!"

அண்ணாச்சி கண்ணைத் திறந்தார். இந்த யோசனை அவருக்கு உண்மையிலேயே வந்ததில்லை என்பது அந்த மஞ்சள் கண்ணில் தெரிந்தது. "நீ கேக்கலையே" என்றார்.

"நீங்க கேட்டிய. நான் கேக்கல. அவ்வளவுதான்."

அவர் படுத்தபடியே மதினியின் கையைத் தேடிப் பிடித்தார். நான் பக்கத்தில் நிற்பதையும் மறந்துவிட்டார்கள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. திடீரென்று எனக்குள் என்ன புகுந்ததோ, "அண்ணாச்சி, நீங்க சாவல! டாக்டரு பிழைச்சிட்டியன்னு சொல்லிட்டாரு!" என்று கத்திவிட்டேன். என் ஆயுளில் அவ்வளவு உரக்க நான் பேசியதில்லை. பக்கத்து வீட்டிலிருந்து ஆச்சி, கொப்பரைக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று ஓடி வந்தார்.

அண்ணாச்சி மோட்டுவளையைப் பார்த்தார். "அப்பம் அந்த உருளி விஷயத்தை முதலாளிகிட்ட சொல்லிராதலே" என்றார்.

அன்று மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன். நெடுநேரம் தயங்கித் தயங்கி, "குழம்பு நல்லாருக்கு" என்றேன். என் மனைவி பதறிப்போய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். அவர்கள் இருவர், ஆச்சி, நான், என் மனைவி, மகள். ஆறு பேர், இரண்டு ஆப்பிள். ஒருவருக்கும் தும்மல்கூட இல்லை. மதினி செய்தது போலவே கொப்பரையில் அவித்து, மசித்து, கருப்பட்டி விட்டு, இரண்டு விரலால் உப்புப் போட்டார். பிறகு நான் அதுவரை பார்க்காத ஒன்றைச் செய்தார். ஒரு துளி எடுத்துத் தன் நாக்கில் வைத்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார், ஆப்பிள் பிடிக்காதே. ஆனாலும் கொஞ்சம் யோசித்து இன்னும் ஒரு சொட்டுக் கருப்பட்டி விட்டார்.

மதினி சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டார். நாங்கள் ஐந்து பேரும் கையை நிறுத்திவிட்டோம்.

"சுக்கு ஒரு பொட்டு கூடிட்டு" என்றார். அண்ணாச்சியின் தோள் இறங்கியது. மதினி இன்னொரு வாய் எடுத்தார். "ஆனா எனக்குன்னு ஆக்கின மாதிரி இருக்கு."

"அப்பம் நல்லாருக்கா?"

"அதைத்தானே சொல்லுதேன்."

அண்ணாச்சி எழுந்து கொல்லைப்பக்கம் போனார். ரொம்ப நேரம் முகம் கழுவுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, தன் பங்கு ஆப்பிளை யாருக்கும் தெரியாமல் என் இலையில் தள்ளிவிட்டார்.

அண்ணாச்சி போய் இரண்டு வருஷம் ஆகிறது. சீசன் தொடங்கின வாரம், காலையில் அடுப்பு மூட்டக் குனிந்தவர், "கொஞ்சம் உட்காருதேன்லே" என்று விறகுக் கட்டின் மேல் உட்கார்ந்தார். அவ்வளவுதான். அவருக்கு ஆப்பிள் வாங்கி வர யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

மாதம் ஒருமுறை நான் இரண்டு ஆப்பிள் வாங்கிக்கொண்டு மதினி வீட்டுக்குப் போகிறேன். துண்டில் மறைப்பதில்லை. இப்போதும் தெருவில் ஒருவராவது எழுந்து வந்து, "ஐயோ, யாருக்கு என்ன?" என்று கேட்பார். முன்பு என்றால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவேன். இப்போது நின்று, முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. எல்லாரும் நல்லாருக்கோம். சாப்பிடத்தான்."

1969 ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை.